கந்தோர்க் கோவையும் வீட்டு வாசலும்: வேலைநேர எல்லை பற்றிய ஒரு நோக்கு

கந்தோர் வேலையை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவருதல் தகுமா என்னும் வினா, பெரும்பாலும் தனிமனித குணவியல்பு பற்றியதாகவே விளங்கிக்கொள்ளப்பட்டு வந்துள்ளது. கொண்டுவருபவர் கடமையுணர்வு மிக்கவர். கொண்டுவராதவர் மணிக்கூட்டைப் பார்த்திருப்பவர் என்பது நமது மத்தியதர வர்க்கத்தாரிடையே வேரூன்றிய கருத்தாகும். இவ்வாறு நோக்குமிடத்து வினாவின் பொருளியல் உள்ளடக்கம் மறைந்துவிடுகின்றது. யாருடைய நேரம், எவ்வளவு நேரம், எக்கொடுப்பனவுக்கு என்பனவே நாம் ஈண்டு எழுப்ப விரும்பும் கேள்விகள்.

வீடு வேறு, வேலைத்தலம் வேறு என்பது என்றுமுள்ள நியதியன்று. நெசவாளியின் தறியும் குயவனின் சக்கரமும் வீட்டோடு சேர்ந்தே இருந்தன. ஆலைத்தொழிலுக்கு முந்திய இங்கிலாந்தில், வணிகர் கொடுத்த நூலைத் தம் குடிசைகளில் நெய்து கொடுத்தோர் நெய்த அளவுக்கே கூலி பெற்றனர். எத்தனை மணிநேரம் நெய்தனர் என்பது வணிகரின் கணக்கில் இடம்பெறவில்லை. தொழிற்சாலை அவர்களை வீட்டினின்றும் பிரித்தமை கொடுமையே எனினும், அப்பிரிவே வேலைநாளுக்கு ஓர் எல்லை கோரும் வாய்ப்பையும் தந்தது. பெண்களதும் இளையோரதும் வேலைநாளை 10 மணித்தியாலமாக வரையறுத்த 1847 ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம், 1886 மே மாதச் சிக்காகோப் போராட்டம், 8 மணித்தியால வேலைநாளை ஏற்ற சர்வதேசத் தொழில் தாபனத்தின் முதலாவது சமவாயம் (1919) ஆகியன அக்கோரிக்கையின் படிகள். மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதற்பாகத்தில் வேலைநாளுக்கென நீண்டதோர் அத்தியாயத்தை ஒதுக்கியமையும் நோக்கற்பாலது. இவ்வெல்லையை நடைமுறையிற் காத்துநின்றவை வாயிற்கதவும் மணியோசையும் வரவு இடாப்புமே.

இலங்கையில் 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தின் கீழ், நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என எல்லை வகுக்கப்பட்டது. மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்குக் கொடுப்பனவும் உண்டு. ஆயின், மாலையில் இடாப்பில் ஒப்பமிட்டு, கோவையைக் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறும் எழுதுவினைஞரின் இரவு எந்த இடாப்பிலும் ஏறுவதில்லை. மேலதிகாரி ‘இரவில் வேலை செய்க’ என்று கூறுவதில்லை. ‘நாளைக் காலை மேசையில் இருக்கட்டும்’ என்றே கூறுகின்றார். நேரம் மறைந்து தவணை மட்டும் எஞ்சுகின்றது. குடிசை நெசவாளியின் நிலை இதனின்றும் அதிகம் வேறுபட்டதன்று.

கோவைக்காவது கனம் இருந்தது. அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வரலாம். கைத்தொலைபேசியை அவ்வாறு பூட்டிவிட்டு வருதல் அரிது. 2020 இன் பெருந்தொற்றுக்கால முடக்கமும், எரிபொருள் தட்டுப்பாட்டினால் 2022 யூனில் அரசாங்க ஊழியர் பலர் வீட்டிலிருந்து பணியாற்றுமாறு பணிக்கப்பட்டமையும் இப்போக்கை மேலும் வலுப்படுத்தின.

வீடு என்பதும் எல்லோருக்கும் ஒரே வீடன்று. தந்தை கோவையை விரித்தால் பிள்ளைகள் சத்தமிடாதிருக்குமாறு அடக்கப்படுவர். தேநீர் மேசைக்கு வரும். தாய் அதே கோவையை விரிப்பதற்கு அடுப்பு அணைந்து, பாத்திரங்கள் கழுவப்பட்டு, பிள்ளைகள் உறங்க வேண்டும். அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்சைல்ட் 1989 இல் வெளியான தம் நூலில் வீட்டுவேலையை உழைக்கும் பெண்ணின் இரண்டாவது வேலைமுறை என்றார். கோவை வீட்டுக்கு வருமிடத்து அவளுக்கு மூன்றாவதொன்றும் தொடங்குகின்றது. ஆணுக்கோ, அதே கோவை வீட்டுவேலையினின்றும் விலக்களிக்கும் அனுமதிச்சீட்டாகிவிடுகின்றது. ‘வேலையை வீட்டுக்குக் கொண்டுவந்தாலென்ன’ என்று இலகுவாகக் கேட்போர் பெரும்பாலும் ஆண்களாயிருப்பதில் வியப்பில்லை.

ஆசிரியரின் நிலை சற்று வேறானது. விடைத்தாள் திருத்துதலும் பாடக்குறிப்பு எழுதுதலும் வகுப்பு நேரத்துள் அடங்குவனவல்ல. (இதனை வாசிப்போருட் பலரின் வீட்டு மேசையிலும் விடைத்தாட் கட்டொன்று இருக்கக்கூடும்.) இங்கு ‘கொண்டுவராதீர்’ என்பது வெறும் உபதேசமாகவே முடியும், அவ்வேலை வேலைநேரமாகக் கணிக்கப்பட்டு, பாடவேளைகள் அதற்கேற்பக் குறைக்கப்படல் வேண்டும்.

பிற நாடுகளில் இதற்குச் சட்டவடிவம் தரும் முயற்சிகள் நடைபெற்றுள்ளன. பிரான்சில் 2017 சனவரி முதல், 50 பேரும் அதற்கு மேற்பட்டோரும் பணிபுரியும் நிறுவனங்கள் தொடர்பறுத்திருக்கும் உரிமை பற்றித் தொழிலாளர் தரப்போடு பேசவேண்டியுள்ளது. அவுஸ்திரேலியச் சட்டம் 2024 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. வேலைநேரத்துக்குப் பிந்திய அழைப்பை, மறுத்தல் நியாயமற்றதாகாதவிடத்து, ஊழியர் மறுக்கலாம் என்கின்றது அது. போர்த்துக்கல் 2021 இல் இயற்றிய சட்டமோ, ஓய்வுநேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருக்கும் கடமையை வேலைகொள்வோர் மீதே சுமத்தியது. இவற்றுள் போர்த்துக்கலின் வழியே பொருத்தமானதென நாம் கருதுகின்றோம். நன்னடத்தைக் காலத்திலிருக்கும் புதிய ஊழியர் எவர் மேலதிகாரியின் அழைப்பை மறுக்கத் துணிவார்?

நமது தொழிற்சங்கங்கள் சம்பள உயர்வுக்குக் கொடுத்த கவனத்தை இவ்விடயத்துக்குக் கொடுத்தன எனல் இயலாது. அவை உடனடியாகச் செய்யத்தக்கது ஒன்றுண்டு. எந்தப் பிரிவிலிருந்து கோவைகள் நாள்தோறும் வீட்டுக்குச் செல்கின்றனவோ, அப்பிரிவில் ஆளணி போதாது. அவ்விரவுகளை மணித்தியாலங்களாகக் கூட்டிப் பார்த்தால், எத்தனை பேருக்குரிய வேலையை எத்தனை பேர் செய்கின்றனர் என்பது தெரியவரும். அக்கணக்கோடு நிருவாகத்திடம் செல்லும் சங்கம், சலுகை வேண்டிச் செல்லவேண்டியதில்லை. நிரப்பப்படாதிருக்கும் பதவிகளுக்கு ஆட்சேர்க்குமாறு கோரலாம்.