காய்ச்சலா? உடம்பில் கருப்புப் பொருக்கைத் தேடுங்கள்

மழை விட்டதும் பண்ருட்டியைச் சுற்றியுள்ள முந்திரித் தோப்புகளில் புல்லும் புதரும் மண்டிவிடும். மரத்தடியைச் சுத்தம் செய்தால்தான் கோடையில் உதிரும் கொட்டையைப் பொறுக்க முடியும் என்பதால் ஆட்கள் மண்வெட்டியோடு உள்ளே இறங்குகிறார்கள். ஊருக்குள்ளும் புதருக்குக் குறைவில்லை. வீடு கட்டாமல் போட்டு வைத்த மனைகள், கெடிலம் ஆற்றின் கரை, பிள்ளைகள் பந்து பொறுக்கப் போகும் சுற்றுச்சுவர் ஓரம் என எங்கும் பச்சைதான். உண்ணிக் காய்ச்சல் தொற்றுவது இப்படிப்பட்ட இடங்களில்தான். மருத்துவர்கள் இதை ஸ்க்ரப் டைபஸ் என்கிறார்கள். கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து வரும் நோயாளிகளிடம் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவர்கள் இதைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள்.

நாயின் காதிலும் மாட்டின் மடியிலும் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் பெரிய உண்ணி இந்தக் காய்ச்சலைத் தருவதில்லை. இதைப் பரப்புவது அதன் உறவான ஒரு சிற்றுண்ணியின் ஆறு கால் குஞ்சு. நீளம் 0.2 மில்லிமீட்டர் அளவே இருப்பதால் கண்ணில் படாது. வளர்ந்த பூச்சி மண்ணிலேயே வாழும், யாரையும் கடிக்காது. குஞ்சுகள் மட்டும் புல் நுனியில் ஏறி, எலியோ மனிதரோ உரசிப் போகும்போது தொற்றிக்கொள்கின்றன. ஓரியன்ஷியா என்ற பாக்டீரியாவைத் தாய்ப்பூச்சி முட்டை வழியாகவே குஞ்சுக்குக் கடத்திவிடும். அதனால் ஒரு புதரில் நோய் புகுந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கும்.

கடி வலிக்காது. ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் கடும் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு வாந்தி. டெங்கு என்றோ டைபாய்டு என்றோ நினைக்க எல்லா வாய்ப்பும் உண்டு. வேறுபடுத்திக் காட்டுவது கடித்த இடத்தில் உருவாகும் கருப்புப் பொருக்கு. சிகரெட்டால் சுட்டது போல இருக்கும், அரிக்காது, வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி, உள்பாவாடை நாடா இறுகும் இடுப்பு என மறைவான இடங்களில்தான் பெரும்பாலும் இருக்கும். பெண்கள் கூச்சத்தால் காட்டுவதில்லை, அவசரத்தில் மருத்துவர்களும் கேட்பதில்லை. இந்த ஒரு தயக்கத்தால் நாட்கள் வீணாவதுதான் எனக்குப் பெரும் கவலை. எல்லோருக்கும் பொருக்கு வராது என்பதால், அது இல்லாவிட்டாலும் ரத்தப் பரிசோதனை தேவை.

எவ்வளவு பரவலான நோய் இது? வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்களும் லண்டன் ஆய்வாளர்களும் 2020 முதல் 2022 வரை தமிழ்நாட்டின் 37 கிராமங்களில் 32,000-க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுக்குச் சுமார் பத்தில் ஒருவருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது. பெரும்பாலானோருக்குக் காய்ச்சலே வரவில்லை. வந்தவர்களில் சிலருக்குத்தான் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை பாதிப்பு போனது.

இத்தனைக்கும் மருந்து எளியது. டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வேளையோடு தொடங்கினால் பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கும். கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின் உண்டு. பாக்டீரியா நம் செல்களுக்குள்ளேயே ஒளிந்து வாழ்வதால் பென்சிலின் வகை மருந்துகள் பலிக்காது. மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஏதோ ஒரு ஆன்டிபயாடிக்கை நம்பி ஒரு வாரத்தைப் போக்குவது உயிரோடு விளையாடுவது. முற்றிய நிலையில் டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியே ஏற்றுவது கூடுதல் பலன் தருவதை சிஎம்சி தலைமையிலான ஆய்வு 2023-இல் காட்டியது.

முந்திரித் தொழிலாளர்களுக்கு இன்னொரு செய்தி. கோவாவின் சத்தாரி வட்டாரத்தில் 2015-இல் முந்திரி பொறுக்கப் போனவர்களைத் தாக்கியது கியாசனூர் காட்டுக் காய்ச்சல். அதைப் பரப்புவது நிஜமான உண்ணி, காரணம் ஒரு வைரஸ். அது மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளின் நோய், பண்ருட்டி அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் தோப்பு வேலையும் பூச்சிக்கடியும் எவ்வளவு நெருக்கம் என்பதை அது காட்டுகிறது.

தோப்புக்குப் போகிறவர்கள் முழுக்கை, முழுக்கால் உடையும் மூடிய காலணியும் அணியலாம். புல்தரையில் நேராக உட்காராமல் சாக்கை விரிக்கலாம். வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடுத்தியதைத் துவைத்துவிட வேண்டும். காய்ச்சல் வந்தால் எங்கே வேலை செய்தோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்வது நல்லது.

காலி மனைகளைச் சுத்தம் செய்யச் சொல்லி உரிமையாளர்களுக்கு நகராட்சி அழுத்தம் தர வேண்டும். எலியை மட்டும் கொல்வது போதாது: எலி இல்லாத இடத்தில் பசித்த குஞ்சுகள் மனிதர் மேல் ஏறும். புதர் வெட்டுவதும் எலி ஒழிப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும், அதுவும் மழைக்காலம் தொடங்குவதற்கு முன்பே.