அஷ்டமிக்கு ஊரே நிறையுது... மத்த நாள் சாயங்காலம் அதியமான்கோட்டைக்காரங்க எங்கே போறது?

தேய்பிறை அஷ்டமி அன்னிக்கு அதியமான்கோட்டை பக்கம் போயிருக்கீங்களா? தட்சிணகாசி காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வெளியூர்க் கூட்டம் அலைமோதும். சரி, மறுநாள் சாயங்காலம் அதே ஊரில் ஒரு பத்து வயசுப் பையன் பேட்டைத் தூக்கிட்டுக் கிளம்பினா எங்கே ஆடுவான்? அவனோட பாட்டி நாலு பேரோட உட்கார்ந்து பேசணும்னா எங்கே போவாங்க?

தருமபுரியிலிருந்து சேலம் போகும் வழியில், கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊர் இது. பெங்களூரு-சேலம் நெடுஞ்சாலை ஒருபக்கம். ஓசூரிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் சாலையும் இங்கேதான் வந்து சேருகிறது. இரண்டு பெரிய சாலைகள் சேரும் இடத்தில் மானாவாரி நிலங்கள் மனைகளாவது எங்கும் நடப்பதுதான். பிள்ளைகள் பெங்களூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருக்க, பேரப்பிள்ளைகளுடன் ஊரில் இருக்கும் பெரியவர்கள். மனை வாங்கி வீடு கட்டியவர்கள். ஷிஃப்ட் முடிந்து பகலில் தூங்குகிறவர்கள். இப்படிப் பல கடிகாரங்களில் ஓடும் ஊருக்கு, பொங்கலுக்கு ஒருநாள் கோலப்போட்டியும் மியூசிக்கல் சேரும் மட்டும் போதுமா?

பாடப் பட்டியலிலேயே இல்லை!

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணை, நகராட்சிகளுக்கான பணிகளில் பூங்கா, விளையாட்டுத் திடல் என்று தெளிவாகவே சொல்கிறது. ஊராட்சிகளுக்கான 11-வது அட்டவணையில் 29 பணிகள் இருக்கின்றன. நூலகம் உண்டு, பண்பாட்டு நடவடிக்கைகள் உண்டு. பூங்கா இல்லை! பக்கத்திலேயே வயலும் தோப்பும் இருக்கும்போது கிராமத்துக்கு எதற்குப் பூங்கா என்று நினைத்திருப்பார்கள்போல. நகரமாகிக்கொண்டே ஊராட்சியாகவும் இருக்கும் ஊர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அதற்காக அரசு எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2016-ல் அம்மா பூங்காவும் உடற்பயிற்சிக் கூடமும் அறிவிக்கப்பட்டன. 2024-ல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் திட்டம் வந்தது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்குமான திட்டம் அது. ஆனால், உபகரணத்தைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா? சாவி யாரிடம், விளக்கு எத்தனை மணி வரை எரியும், வலையைக் கட்டிவிடுவது யார் என்று முடிவாகாததால்தான் பல ஊர்களில் ஜிம் பூட்டியே கிடக்கிறது.

என்னைக் கேட்டால், கட்டடத்தைவிட நேர அட்டவணைதான் முக்கியம். ஒரே திடல் போதும். விடிகாலையில் நடைப்பயிற்சி செய்பவர்களுக்கு, பள்ளி விட்டதும் சின்னப் பிள்ளைகளுக்கு, ஆறு மணிக்குமேல் வாலிபாலுக்கும் கபடிக்கும். வாரத்தில் சில மாலைகள் பெண்களுக்கு மட்டும் என்று எழுதிப் போட்டுவிட வேண்டும். எழுதிப்போடாத நேரமெல்லாம் கிரிக்கெட் பசங்களுக்குத்தான் போகும். நானும் அப்படி இடம்பிடித்த கோஷ்டியில் இருந்தவன்தான்! கூடவே கழிப்பறையும் வெளிச்சமும் வேண்டும். இரண்டும் இல்லாத இடத்துக்குப் பெண்களும் பெரியவர்களும் ஒருநாள் வருவார்கள், இரண்டாம் நாள் வர மாட்டார்கள்.

தெருக்கூத்தை விட்டுவிடவே கூடாது. தருமபுரிப் பக்கம் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். வாடகை வீட்டுக்குப் புதிதாக வந்த குடும்பத்துக்கு அது எங்கே, எப்போது என்றே தெரியாது. மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணி நேரக் கூத்து வைத்தால் பழைய ஊரும் புது ஊரும் ஒரே பாயில் உட்காரும்.

இடம் எங்கே இருக்கு?

உங்கள் லே-அவுட்டிலேயே இருக்கலாம். விதிப்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவிகிதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்காக உள்ளாட்சி அமைப்புக்குத் தானமாக எழுதிக் கொடுத்தாக வேண்டும். வரைபடத்தில் 'பூங்கா' என்று குறித்த துண்டு நேரில் முள்புதராகவோ, யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டகையாகவோ இருக்கிறதா என்று ஒருமுறை நடந்துபோய்ப் பார்த்துவிடுங்கள். நாளாக ஆக மீட்பது கஷ்டம்.

கிராம சபை ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. செலவில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட முன்வந்தால் 'நமக்கு நாமே' திட்டத்திலும் கேட்கலாம். போகும்போது அங்கீகரிக்கப்பட்ட மனை வரைபடத்தின் ஒரு நகலையும், அந்த இடத்தை இன்றைய தேதியில் எடுத்த போட்டோவையும் கையோடு கொண்டுபோங்கள். தீர்மான நோட்டில் சர்வே எண்ணோடு ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.