உங்களுக்குத் தெரியுமா? அடங்காத பசியும் அளந்த சோறும்

"இப்பதானே சாப்பிட்டே, அதுக்குள்ள என்ன பசி?" என்று பிள்ளையைக் கேட்காத வீடு நம் ஊரில் இருக்காது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வாய் ருசிதான். பந்தைக் கண்டால் மறந்துவிடும். ஆனால் தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்த அடுத்த நிமிடமும் நிஜமாகவே பசிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். போதும் என்கிற செய்தி அவர்களுடைய மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் மற்ற பிள்ளைகளைவிடக் குறைத்துச் சோறு போட வேண்டியிருக்கிறது. இந்த முறை துணுக்குகள் எல்லாம் அவர்களைப் பற்றியவை.

●

இதற்குப் பிராடர்-வில்லி சின்ட்ரோம் என்று பெயர். 1956ல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் ஆந்த்ரேயா பிராடர், அலெக்சிஸ் லாப்ஹார்ட், ஹைன்ரிச் வில்லி என்று மூன்று மருத்துவர்கள் சேர்ந்து இதை விவரித்தார்கள். பெயரில் இருவர் மட்டும் நிலைத்துவிட்டார்கள். தோராயமாக 15,000 பிறப்புக்கு ஒன்று என்று சொல்வார்கள். ஆண், பெண், இனம், நாடு என்ற பேதம் இதற்குக் கிடையாது.

●

இந்தப் பசிக்காரப் பிள்ளைகள் பிறக்கும்போது பால் குடிக்கத் தெரியாமல் பிறக்கிறார்கள்!

தசைகள் துவண்டு கிடக்கும். மார்பில் வாய் வைத்தாலும் உறிஞ்சச் சத்து இருக்காது, அழுகைகூடச் சன்னமாகத்தான் வரும். பலருக்கு மூக்கு வழியே குழாய் போட்டுத்தான் பால் இறக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் பாலாடையை வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாய்டா கண்ணு" என்று தாய் கெஞ்சிக்கொண்டிருப்பாள். எடை ஏறவில்லையே என்று அழுவாள்.

இரண்டு வயது வாக்கில் எடை ஏறத் தொடங்கும். அதுவும் பிள்ளை கூடுதலாக எதையும் சாப்பிடாமலே ஏறும். பிறகு மெல்ல மெல்லச் சாப்பாட்டின் மேல் நாட்டம் கூடும். எட்டு வயதை ஒட்டி, சிலருக்கு முன்னதாகவும் சிலருக்குப் பின்னதாகவும், அடங்காத பசி வந்து உட்கார்ந்துவிடும். ஊட்டுவதற்குப் பாடுபட்ட அதே கை, அடுக்களைக் கதவைச் சாத்த வேண்டிய கட்டாயம். எனக்குத் தெரிந்து ஒரு தாய்க்கு இதைவிடக் கடினமான திருப்பம் வேறில்லை.

●

"உங்க வழியிலதான் வந்திருக்கு" என்று இரண்டு குடும்பங்களும் ஒன்றையொன்று கை காட்டுவது நம் வீடுகளில் உடனே நடக்கும். நடப்பது இதுதான்: 15ஆவது குரோமோசோமில் ஒரு சிறு பகுதியில், தகப்பனிடமிருந்து வரும் பிரதி மட்டுமே வேலை செய்யும், தாயினுடையது இயல்பிலேயே அணைக்கப்பட்டிருக்கும். தகப்பன் பிரதி விடுபட்டுப்போனாலோ, இரண்டு பிரதியும் தாயிடமிருந்தே வந்துவிட்டாலோ இந்த நிலை ஏற்படும். மிகப் பெரும்பாலும் கரு உருவாகும்போது தற்செயலாக நேர்வது. யாரும் எதையும் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்ததில்லை. டிஎன்ஏ மெத்திலேஷன் என்ற ரத்தப் பரிசோதனை 100ல் 99 பேருக்கு மேல் சரியாகக் காட்டிவிடும்.

●

மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில், 1680 வாக்கில் ஹுவான் கர்ரேனோ தே மிராண்டா வரைந்த ஓவியம் ஒன்று இருக்கிறது. யூஜீனியா என்ற ஆறு வயதுச் சிறுமி, மிதமிஞ்சிய பருமன், கையில் பழம். அரண்மனைக்கு வேடிக்கைப் பொருளாகக் கொண்டுவரப்பட்டவள். அவளுக்கு இருந்தது பிராடர்-வில்லியாக இருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். அந்த முகத்தில் சிரிப்பு இல்லை.

●

பசி மனிதனை என்ன செய்யும் என்பதற்கு ஆரோக்கியமான ஆண்களிடமே சாட்சி உண்டு. 1944-45ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி, தாமாக முன்வந்த 36 இளைஞர்களை ஆறு மாதம் அரை வயிற்றில் வைத்தார். படித்தவர்கள், கொள்கைக்காகப் போருக்குப் போக மறுத்தவர்கள், மன உறுதிக்குக் குறைவில்லாதவர்கள். சில வாரங்களில் அவர்களுடைய பேச்சு முழுக்கச் சாப்பாடானது. தட்டை நக்கினார்கள். சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். கனவிலும் சாப்பாடுதான்.

அவர்களுக்கு அது ஆறு மாதம். நம் பிள்ளைக்கு வாழ்நாள் முழுதும். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் "கொஞ்சம் வாயைக் கட்டக் கூடாதா?" என்று ஒரு குழந்தையைப் பார்த்து எப்படிக் கேட்க முடியும்?

●

பசி பிள்ளைகளை என்ன செய்யும் என்பதற்கும் சாட்சி உண்டு. இன்சுலின் வருவதற்கு முன் சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளை உயிரோடு வைத்திருக்க ஒரே வழி பட்டினியை ஒட்டிய உணவு. அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் அதில் பேர் போனவர். அவருடைய கண்காணிப்பில் இருந்த பார்வையற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனின் சிறுநீரில் சர்க்கரை குறையவே இல்லை. அறையில் உணவு எதுவும் இல்லை, ஆளும் காவல். பிறகுதான் தெரிந்தது, பற்பசையையும் கூண்டுப் பறவையின் தீனியையும் தின்றிருக்கிறான்.

1922 ஜனவரி 11 அன்று டொரான்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. அந்தப் பிள்ளைகளின் பட்டினிக்கு அன்று முடிவு தொடங்கியது.

●

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இன்னொரு வகைப் பசிக்குப் பதில் கிடைத்தது. பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரே குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள்: எட்டு வயதுச் சிறுமி 86 கிலோ, இரண்டு வயதுச் சிறுவன் 29 கிலோ. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் அவர்கள் உடலில் உருவாகவே இல்லை என்று 1997ல் அறிவித்தார்கள். ஊசி மூலம் லெப்டின் கொடுத்ததும் சிறுமியின் பசி சில நாளிலேயே தணிந்தது. அதுவரை அவளை வளர்த்தவர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

பிராடர்-வில்லி பிள்ளைகளுக்கு இந்த ஊசி பயன்படாது. அவர்களிடம் லெப்டின் குறைவில்லை. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் அவர்களுக்கு மிகையாக இருப்பது 2002ல் தெரியவந்தது. மருந்து கொடுத்து அதைக் குறைத்துப் பார்த்தார்கள். கிரெலின் இறங்கியது, பசி இறங்கவில்லை. மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியிலேயே கோளாறு இருப்பதாகத்தான் இன்று கருதுகிறார்கள்.

●

சரி, எவ்வளவுதான் கொடுப்பது? இவர்களுக்குத் தசை குறைவு என்பதால் உடல் எரிக்கும் சக்தியும் குறைவு. எடை ஏறாமல் வைத்திருக்க, உயரத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் நாளுக்கு 10 முதல் 11 கலோரி என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. 110 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு 1,100 கலோரி, கொஞ்சம் கூடலாம். அதே உயரத்தில் பக்கத்து வீட்டுப் பையன் 1,400 சாப்பிட்டுவிட்டு ஒல்லியாகவே ஓடிக்கொண்டிருப்பான். பசி ஒரு பங்கு அதிகம், தேவை ஒரு பங்கு குறைவு. சிக்கல் முழுவதும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

வெறும் அளவைக் குறைத்தால் போதாது என்பதும் ஆராய்ச்சியில் தெரிந்த விஷயம். மாவுச்சத்தை அளவோடு வைத்து, புரதமும் நார்ச்சத்தும் கூட்டிய உணவு, கலோரியை மட்டும் குறைத்த உணவைவிட நல்ல பலன் தந்தது என்று 2013ல் ஓர் ஆய்வு வெளியானது. கால்சியமும் வைட்டமினும் விட்டுப்போகக் கூடாது. ஆகவே பட்டியலை டயட்டீஷியன்தான் போட வேண்டும். பெரியம்மா சொன்னதும் வாட்ஸ்அப்பில் வந்ததும் வேண்டாம்.

●

ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி. முக்கால் கிலோவுக்கு மேல் வெள்ளரிக்காயிலும் ஏறக்குறைய அதே அளவுதான். எந்தத் தட்டு நிறைவாகத் தெரியும்? புடலை, சுரை, வெண்பூசணி, வாழைத்தண்டு, கீரை என்று நம் சமையலில் தட்டை நிரப்பும் காய்களுக்குப் பஞ்சமில்லை. தாளிப்பையும் தேங்காயையும் அளந்து போட்டால் கூட்டு இந்தப் பிள்ளைகளுக்கு வரம்தான். சோறுதான் தட்டின் ஓரத்துக்குப் போக வேண்டும்.

●

"பசிச்சா தண்ணியைக் குடி" என்று சொல்லாதீர்கள். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தப் பிள்ளைகள் விஷயத்தில் மருத்துவர்கள் எச்சரிக்கும் அபாயங்களில் இதுவும் ஒன்று.

●

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் ஜேனிஸ் ஃபார்ஸ்டர், லிண்டா குராஷ் என்ற இரு மருத்துவர்கள் பல வருட அனுபவத்தில் மூன்று விதிகளை வகுத்தார்கள். அடுத்த சாப்பாடு எப்போது, என்ன என்பதில் பிள்ளைக்குச் சந்தேகம் இருக்கக் கூடாது. அதைத் தவிர வேறு எதுவும் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இருக்கக் கூடாது. சொன்னது கிடைக்காமல் ஏமாற்றமும் வரக் கூடாது.

முதல் முறை படித்தபோது இரண்டாவது விதி எனக்குக் கொடூரமாகப் பட்டது. குழந்தையின் எதிர்பார்ப்பைப் பறிப்பதா? யோசிக்க யோசிக்கத்தான் புரிந்தது. பத்து முறை கேட்டால் ஒரு முறை பிஸ்கட் கிடைக்கும் வீட்டில், பிள்ளை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டேதான் இருக்கும். கிடைக்குமா கிடைக்காதா என்ற அந்தத் தவிப்பு, பசியைவிட அதிகமாக அதை ஆட்டிவைக்கும். கிடைக்கவே கிடைக்காது, ஆனால் நாலு மணிக்குச் சுண்டல் நிச்சயம் என்று தெரிந்துவிட்டால் மனசு ஓரளவு வேறு வேலைக்குத் திரும்பும்.

அதனால் சுவரில் ஒரு அட்டவணை, படம் ஒட்டி. ஏழரைக்கு இட்லி, பத்தரைக்குக் கொய்யா, ஒரு மணிக்குச் சாப்பாடு, நாலுக்குச் சுண்டல், ஏழரைக்கு இரவுச் சாப்பாடு. "கிடையாது" என்பதற்குப் பதிலாக "நாலு மணிக்கு" என்று பதில் சொல்லலாம். தட்டை அடுக்களையிலேயே போட்டு எடுத்து வர வேண்டும். பாத்திரம் கூடத்துக்கு வரவே கூடாது. இரண்டாம் முறை பரிமாறுவது இல்லை. "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று சொல்லியே பழகிய நமக்கு இது நாக்கைக் கடித்துக்கொள்கிற வேலைதான். இன்னொன்று: அடம்பிடித்தான் என்பதற்காகச் சாப்பாட்டை நிறுத்துவதும், சமத்தாக இருந்தான் என்பதற்காக மிட்டாய் கொடுப்பதும் இந்த வீட்டில் கூடவே கூடாது. அட்டவணை ஒருமுறை பொய்த்தாலும் பழைய தவிப்பு திரும்பிவிடும்.

●

ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு, அலமாரிக்குப் பூட்டு, அடுக்களைக்கே பூட்டு. உலகெங்கும் இந்தக் குடும்பங்கள் செய்வது இதுதான். பூட்டில்லாத வீட்டில் இரவில் எழுந்து உறைந்த உணவையும், குப்பைக் கூடையில் போட்டதையும், நாய்க்கு வைத்ததையும் தின்ற பிள்ளைகள் உண்டு. திருட்டு என்று அடிப்பதற்கு முன், அந்தப் பார்வையற்ற சிறுவன் தின்ற பறவைத் தீனியை நினைத்துக்கொள்ளுங்கள். பூட்டு தொங்கினால் பிள்ளை காவல் காக்க வேண்டியதில்லை. தன்னையே தான் தடுத்துக்கொள்ளும் அந்தச் சுமை கழிந்து, நிம்மதியாகத் தூங்குகிறது என்று சொல்லும் பெற்றோர் பலர்.

●

வாந்தி எடுப்பது நல்ல விஷயம் என்று நாம் நினைப்பதில்லை. ஆனால் அது உடலின் ஒரு காவல். பிராடர்-வில்லி உள்ளவர்களுக்கு வாந்தி அரிதாகவே வரும், வலியும் சரியாகத் தெரியாது. ஒரே மூச்சில் அளவுக்கு மீறித் தின்று இரைப்பை கிழிந்து இறந்தவர்கள் உண்டு. ஆகவே இந்தப் பிள்ளை திடீரென்று "வேண்டாம்" என்று தட்டைத் தள்ளினாலோ, வாந்தி எடுத்தாலோ, வயிறு உப்பியிருந்தாலோ காத்திருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

●

2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் ஊசி அனுமதிக்கப்பட்டது. அது உயரத்தையும் தசையையும் கூட்டும், பசியைத் தொடாது. பசிக்கே என்று ஒரு மருந்து வர மேலும் கால் நூற்றாண்டு பிடித்தது. டயசாக்சைடு கோலின் என்ற மாத்திரைக்கு 2025 மார்ச்சில் அங்கே அனுமதி கிடைத்தது, நான்கு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. ரத்தச் சர்க்கரை ஏறுவது, உடம்பில் நீர் கோத்துக்கொள்வது போன்ற பக்க விளைவுகள் உண்டு. பூட்டையும் அட்டவணையையும் அது தூக்கி எறிந்துவிடாது. ஆனாலும் அறுபத்தொன்பது வருடக் காத்திருப்புக்குப் பின் வந்த முதல் மருந்து!

●

வெளியிடம்தான் பெரிய சோதனை. வகுப்பில் பிறந்தநாள் சாக்லேட், கோயிலில் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கல், கல்யாணத்தில் இலை, "ஒண்ணே ஒண்ணு, பாவம் குழந்தை" என்று முறுக்கை நீட்டும் அத்தை. ஆசிரியரிடமும் உறவினரிடமும் முன்கூட்டியே சொல்லிவைப்பதைத் தவிர வழியில்லை. அந்த ஒரு முறுக்கு அத்தைக்கு ஒரு நிமிட சந்தோஷம். வீட்டாருக்கு ஒரு வாரப் போராட்டம்.

●

இந்தப் பிள்ளைகளில் பலர் ஜிக்சா புதிர் சேர்ப்பதில் அசாத்தியத் திறமைசாலிகள். இந்த நிலையைக் கண்டறிய 1993ல் வகுத்த அடையாளப் பட்டியலிலேயே அதுவும் இடம்பெற்றிருக்கிறது. சிதறிக் கிடக்கும் துண்டுகளில் எது எங்கே போகும் என்று அவர்களுடைய விரலுக்குத் தெரியும். அப்படி ஒரு வீட்டுக்கு நீங்கள் போவதாக இருந்தால் ஆப்பிளும் பிஸ்கட்டும் வாங்காதீர்கள். ஐந்நூறு துண்டுப் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, நாலு மணிச் சுண்டல் முடிந்த பிறகு போங்கள்.