தலைமையும் பொறுப்பும்

பாலக்காட்டை அடுத்த கல்பாத்தியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. ஐப்பசி மாதத் தேர்த்திருவிழா அவ்வூரின் சிறப்பு. தேர் ஓடுவதற்கு வடம் பிடிப்போர் மட்டும் போதாது. அது தடம் மாறாமல் செல்ல, சக்கரத்தின் அருகில் விழிப்புடன் நின்று முட்டுக்கட்டை இடுவோரும் வேண்டும்.

பெரிய நிறுவனத்திற்கும் அத்தகைய விழிப்பு தேவை. நிறுவனத்தின் கொள்கைகளை இயக்குநர் குழு வகுக்கும். அவற்றைச் செயற்படுத்தும் தலைமை அலுவலர் மேலாண்மை இயக்குநர் எனப்படுவார். திட்டமிடுதல், தகுதியுடையோரைத் தேர்ந்தெடுத்தல், பணிகளைப் பகிர்ந்தளித்தல், வரவுசெலவைக் கண்காணித்தல், விளைவுக்கு விடை கூறுதல் ஆகியன அவருடைய கடமைகள்.

இதற்கு எடுத்துக்காட்டாக விளங்குபவர், பாலக்காடு மாவட்டத்தில் 1932ஆம் ஆண்டு பிறந்த பொறியாளர் இ. ஸ்ரீதரன். 1964ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாள்களில் சீரமைத்தவர் இவரே. பின்னர், 1997 முதல் 2011 வரை தில்லி மெட்ரோ இரயில் நிறுவனத்தின் மேலாண்மை இயக்குநராகப் பணியாற்றினார். பணி முடிய இன்னும் எத்தனை நாள்கள் உள்ளன என்பதைக் காட்டும் பலகைகளைப் பணியிடங்களில் வைக்கச் செய்தார். அதனால் அலுவலர் முதல் தொழிலாளர் வரை அனைவரும் காலத்தின் அருமையை உணர்ந்தனர். முதற்கட்டப் பணி குறித்த காலத்திற்கு முன்பே நிறைவுற்றது.

2009ஆம் ஆண்டு ஜூலை 12 அன்று, தெற்குத் தில்லியில் கட்டப்பட்டுவந்த மெட்ரோ மேம்பாலத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, தொழிலாளர்கள் உயிரிழந்தனர். ஸ்ரீதரன் அன்றே பொறுப்பேற்றுப் பதவி விலகுவதாக அறிவித்தார். தில்லி அரசு அதனை ஏற்காமல், பணியைத் தொடருமாறு வேண்டியது. அவரும் தொடர்ந்தார்.

மேலாண்மை இயக்குநர் தம் கையால் தூண் எழுப்புவதில்லை. ஆயினும் அதனை எழுப்புவோரை அமர்த்துவதும், அதன் உறுதியைச் சோதிக்கும் முறையை வகுப்பதும் அவர் தலைமையிலேயே நடைபெறுகின்றன. ஆதலால், வெற்றிக்கு மாலை ஏற்பவர் பிழைக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர் ஆகிறார். உயர்ந்த பதவி என்பது அதிகாரம் மட்டுமன்று. பிறர் உயிருக்கும் உழைப்புக்கும் ஏற்கும் பொறுப்பும் ஆகும்.

சிந்தித்து எழுதுக: உங்கள் வகுப்புத் தலைவருக்கு உரிய பொறுப்புகள் யாவை?