கார் நம்பர் தெரிந்த பிறகும் விரட்டுவதா? போலீஸ் 'சேசிங்'கில் இருக்கும் ஆபத்து

சினிமாவில் போலீஸ் கார் விரட்டினால் விசில் பறக்கும். நிஜ ரோட்டில் விரட்டினால் உயிரே பறக்கலாம்.

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணம். 2001-ம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு ராத்திரி. மணிக்கு 88 கி.மீ. வேகம் மட்டுமே போகலாம் என்ற ரோட்டில் 19 வயது வாலிபர் 117 கி.மீ. வேகத்தில் வந்தார். நிறுத்த சொல்லியும் நிற்காமல் பறந்தார்.

போலீசார் சுமார் 6 நிமிடம் விரட்டினர். கடைசியில் போலீஸ் கார் பின்னால் இடித்தது. வாலிபரின் கார் ரோட்டை விட்டு இறங்கி கவிழ்ந்தது. அவருக்கு கை, கால் செயல் இழந்து விட்டது.

வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்கு போனது. பொதுமக்கள் உயிருக்கு ஆபத்து இருந்ததால் போலீஸ் செய்தது சரிதான் என்று 2007-ல் 8 நீதிபதிகள் தீர்ப்பு கூறினர். கார் நம்பர் தெரியுமே, பிறகு பிடித்திருக்கலாமே என்று ஒரு நீதிபதி மட்டும் மாறுபட்டார்.

ரோட்டில் முள்பட்டை போட்டு டயரில் காற்றை இறக்குவது, ஹெலிகாப்டரில் கண்காணிப்பது என வேறு வழிகளும் உண்டு. கொடூர குற்றவாளி என்றால் மட்டுமே விரட்ட வேண்டும் என்று அங்கு பல ஊர் போலீசில் விதி இருக்கிறது.

பின்னால் சைரன் கேட்டால் வண்டியை ஓரம் கட்டுங்கள். வேடிக்கை பார்க்க ரோட்டுக்கு வராதீர்கள்.