பாட்டைக் கழற்றிப் பூட்டுவது

நுகேகொடையில் 138 பஸ் ஏறுகிறவர்களுக்கு 'நொன்ஸ்டொப்' பைலா புதிதல்ல. ஒரு பாட்டு முடியுமுன்னே அடுத்தது ஏறிக்கொள்ளும். தாளம் மட்டும் அறாது. கிளப்பில் டீஜே செய்வதும் இதைத்தான். ஆனால் வானொலிக்கென்று செய்த பாட்டில் எடுத்தவுடனே குரல் தொடங்கிவிட்டால், முந்திய பாட்டோடு அதைப் பொருத்த இடமேது? அந்த இடத்தை உண்டாக்குவதுதான் றீமிக்ஸின் முதல் வேலை. 1976இல் நியூயோர்க் டீஜே வோல்ட்டர் கிப்பன்ஸ், 'டென் பெர்சென்ட்' என்ற மூன்று நிமிடப் பாட்டை ஒன்பது நிமிடத்துக்கு மேல் நீட்டினார்.

இப்படி மாற்றிக் கட்ட முதலில் பாட்டைப் பாகங்களாகக் கழற்றவேண்டும். நம்மவர் பாட்டொன்றையே பிரித்துப் பார்க்கலாம்: எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தின் முதல் சிங்கிள், 'கலாங்'. லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, போர்க்காலத்தில் மீண்டும் லண்டன் போனவர் அவர். படித்தது இசையல்ல, திரைப்படம். எலாஸ்டிகா இசைக்குழுவின் பயணத்தைப் படமெடுக்கப் போன இடத்தில் பாடகி பீச்சஸ் அவருக்கு ரோலண்ட் எம்.சி.505 என்ற இசைப்பெட்டியைக் காட்டினார். பிறகு இரவல் வாங்கிய அந்தப் பெட்டியில், படுக்கையறையிலேயே மாதிரிப் பாட்டுகளை அமைத்தார்.

1998இல் வந்த இந்தப் பெட்டிக்குள் டிரம், பாஸ், கீபோர்ட் ஒலிகள் எல்லாம் உண்டு. தாளச்சுற்று பதினாறு கூறுகளாகப் பிரிந்திருக்கும். எந்தக் கூறில் அடி விழவேண்டுமோ அந்தப் பொத்தானை அழுத்தினால் போதும், சுற்று தானாகத் திரும்பத் திரும்ப ஓடும். அதன்மேல் பாஸ், அதன்மேல் இன்னோர் ஒலி என்று அடுக்கலாம். வேண்டாததை ஓடும்போதே ஊமையாக்கலாம். விரல் பழகிய வாத்தியக்காரர் தேவையில்லை, நல்ல காது தேவை.

ரொஸ் ஓர்ட்டன், ஸ்டீவ் மக்கி இருவரும் தயாரித்த 'கலாங்' 2003இல் வெறும் 500 இசைத்தட்டுகளாக வெளியானது. கிளப்புகளில் பிடித்துப்போக, 2004இல் எக்ஸ்.எல். இசைத்தட்டு நிறுவனம் மறுபடி வெளியிட்டது. சவுத் ரக்காஸ் க்றூ போன்றோரின் றீமிக்ஸ்களும் வந்தன. அடுக்கடுக்காகக் கட்டிய பாட்டென்றால் குரலை மட்டும் உருவி எடுத்துப் புதுத் தாளத்தில் வைப்பது எளிது. சிக்கல் வேகத்தில்: குரலும் புதுத் தாளத்தின் வேகத்துக்கு வரவேண்டும். இசைத்தட்டை வேகமாகச் சுழற்றினால் குரலின் சுருதியும் ஏறி, பாடகி கீச்சிடுவார். சுருதியைத் தொடாமல் வேகத்தை மட்டும் மாற்றும் வசதி கணினியோடுதான் பரவலானது.

அதே 2004இல் டீஜே டிப்லோவுடன் எம்.ஐ.ஏ. இன்னும் துணிந்தார்: தன் குரலைப் பிறருடைய பிரபலப் பாட்டுகளின் இசைமேல் ஏற்றி ஒரு மிக்ஸ்டேப். அனுமதி பெறாத ஒலித்துண்டுகள் என்பதால் கடைக்குப் போகாமல் கைமாறித்தான் பரவியது. முதல் அல்பமான 'அருளர்' 2005இல் வந்தபோது, அவர் குரல் கிளப்புகளுக்குப் பழகிப்போயிருந்தது.