பல்வேரைக் கழுவும் மருந்து நீர்கள்

பல்வலி தாளாவிட்டால் பல்லைப் பிடுங்குவதே வழியெனத் தோட்டங்களில் பலர் எண்ணுகின்றனர். கடைவாய்ப் பல் போனால் மெல்லும் ஆற்றல் குறையும். பக்கத்துப் பற்களும் சாயத் தொடங்கும். வேர் உறுதியாக இருப்பின் அப்பல்லைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். அதற்கான முறையே வேர்க்குழாய்ச் சிகிச்சை.

பல்லின் உள்ளே நரம்பும் இரத்த நாளமும் செல்லும் நுண்ணிய குழாய் உண்டு. சொத்தை அதுவரை இறங்கினால் கிருமிகள் புகுந்து, உட்சதை அழுகிச் சீழ் கட்டும். மருத்துவர் மெல்லிய அரத்தால் அதனைச் சுரண்டி எடுப்பார். ஆயினும், குழாயின் கிளைகள் அனைத்திலும் அரம் நுழையாது. அவ்விடங்களை மருந்து நீரே தூய்மை செய்ய வேண்டும்.

முதன்மையானது சோடியம் ஹைப்போகுளோரைட். முதல் உலகப் போரின்போது போர்வீரர்களின் புண்களைக் கழுவ, ஹென்றி டேக்கின் என்னும் வேதியியல் அறிஞர் இதன் 0.5 விழுக்காட்டுக் கரைசலைப் பயன்படுத்தினார். பல் மருத்துவத்தில் 5.25 விழுக்காடு வரை பயன்படுகிறது. இது கிருமிகளைக் கொல்வதோடு அழுகிய சதையையும் கரைக்கும். ஆனால் வேர் நுனியைத் தாண்டிக் கசிந்தால் கடும் வலியும் வீக்கமும் உண்டாகும்.

இரண்டாவது, 2 விழுக்காட்டுக் குளோர்ஹெக்சிடின். இது கிருமிகளைக் கொன்று, பல்லின் உட்சுவரில் ஒட்டி நின்று காவல் புரியும். ஆனால் அழுகிய சதையைக் கரைக்காது. ஆகவே முன்னதற்கே முதலிடம். இவ்விரண்டும் கலந்தால் பழுப்பு நிறக் கசடு படியும். ஆதலால் இடையில் வேறு நீரால் கழுவுவர்.

மூன்றாவது, 17 விழுக்காட்டு இ.டி.டி.ஏ. அரம் சுரண்டியதால் சுவரில் படிந்த பொடிப் படலத்தை இது அகற்றும். வெறும் உப்பு நீரோ கசடை வெளியேற்றுமேயன்றிக் கிருமிகளைக் கொல்லாது.

இச்சிகிச்சையில் நம் மரங்களுக்கும் பங்குண்டு. மருந்து நீர் தொண்டைக்குள் இறங்காதவாறு பல்லைச் சுற்றி ரப்பர்த் தகடு பொருத்தும் முறையை 1864இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சான்ஃபோர்ட் பார்னம் தொடங்கினார். கழுவிய குழாயை அடைக்கும் கெட்டாபெர்ச்சா, ஒரு காலத்தில் ஜொகூர்க் காடுகளிலிருந்து பெருமளவில் ஏற்றுமதியான மரப்பாலே.

துணி வெளுக்கும் திரவத்திலும் ஹைப்போகுளோரைட் உண்டு. அதனால் வாய் கொப்பளிப்பது பெருந்தீங்கு. பல்லின் குழாயை வீட்டில் கழுவவும் இயலாது. பல்லில் கூச்சமோ வலியோ தோன்றியவுடன் அரசாங்கப் பல் மருந்தகத்தை நாடுங்கள். முகம் வீங்கிக் காய்ச்சல் கண்டாலோ, விழுங்கவும் மூச்சுவிடவும் இயலாவிட்டாலோ, பொழுது விடியட்டும் என்றிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.